97 வெற்றி, 6-0, பிறகு 0-4: பேஸ்பால் பிளே-ஆஃப் கணிப்புகளை எப்படிப் படிப்பது?

2025ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் வழக்கமான சீசன் முடிந்தபோது, மில்வாக்கி புரூவர்ஸ் அணி 97 வெற்றிகளுடன் 30 அணிகளிலும் முதலிடத்தில் நின்றது. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பெற்றவை 93. அந்த சீசனில் இரண்டு அணிகளும் ஆறு முறை மோதின. ஆறிலும் புரூவர்ஸே வென்றது. அக்டோபரில் நேஷனல் லீக்கின் இறுதித் தொடரில் அவை மறுபடி சந்தித்தபோது பந்தயச் சந்தை டாட்ஜர்ஸ் பக்கம் சாய்ந்திருந்தது. டாட்ஜர்ஸ் 4-0 என்று தொடரை முடித்துவிட்டது. நான்கு ஆட்டங்களிலும் சேர்த்து புரூவர்ஸ் எடுத்தது நான்கே ரன்.

அடுத்து வேர்ல்ட் சீரிஸ், அதாவது கோப்பைக்கான இறுதித் தொடர். டொராண்டோ புளூ ஜேஸ் ஏழு ஆட்டங்களில் 34 ரன் எடுத்தது, டாட்ஜர்ஸ் 26. கோப்பையோ டாட்ஜர்ஸுக்குப் போனது. ஏழாவது ஆட்டம், வழக்கமான ஒன்பது இன்னிங்ஸைத் தாண்டி (ஒவ்வோர் இன்னிங்ஸிலும் இரண்டு அணிகளும் ஒரு முறை அடிக்கும்) 11ஆவது இன்னிங்ஸ் வரை நீண்டு 5-4 என்று முடிந்தது.

முதல் தொடரைப் பார்த்தவருக்கு, கணிப்பாளர்களுக்கு ஏதோ ரகசியம் தெரிந்திருக்கிறது என்று தோன்றும். இரண்டாவதைப் பார்த்தவருக்கு, இதையெல்லாம் கணிக்கவே முடியாது என்று தோன்றும். இரண்டுமே பாதி சரி. தொலைக்காட்சித் திரையின் மூலையில் ‘வெற்றி வாய்ப்பு 61 சதவீதம்’ என்று ஓர் எண் மின்னுகிறதே, அது எங்கிருந்து வருகிறது, அதை எவ்வளவு நம்பலாம் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

பிளே-ஆஃப் அமைப்பு

வழக்கமான சீசனில் ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடும். அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு பிரிவுகள், தலா 15 அணிகள். 2022 முதல் ஒவ்வொரு லீக்கிலிருந்தும் ஆறு அணிகள் பிளே-ஆஃபுக்குச் செல்கின்றன. சுற்றுகள் நான்கு:

1. வைல்டு கார்டு தொடர்: அதிகபட்சம் 3 ஆட்டங்கள், 2 வென்றால் போதும். எல்லா ஆட்டங்களும் தரவரிசையில் மேலே உள்ள அணியின் மைதானத்தில் நடக்கும். ஒவ்வொரு லீக்கிலும் முதல் இரண்டு இடம் பெற்ற அணிகளுக்கு இந்தச் சுற்றில் ஓய்வு.
2. டிவிஷன் தொடர்: அதிகபட்சம் 5 ஆட்டங்கள், 3 வெல்ல வேண்டும்.
3. லீக் சாம்பியன்ஷிப் தொடர்: அதிகபட்சம் 7 ஆட்டங்கள், 4 வெல்ல வேண்டும்.
4. வேர்ல்ட் சீரிஸ்: இரண்டு லீக்குகளின் சாம்பியன்களும் மோதும் 7 ஆட்டத் தொடர்.

ஆறு மாதம் நாள்தோறும் ஆடிச் சேர்த்த பதிவு ஒரு பக்கம். சில நாட்களில் முடிந்துவிடும் தொடர் மறுபக்கம். சிக்கலின் வேர் இந்த நீள வேறுபாட்டில்தான் இருக்கிறது.

ஒரே ஓர் ஆட்டம்: இடைவெளி எவ்வளவு?

தொடரைக் கணிக்க முதலில் ஓர் ஆட்டத்தைக் கணிக்க வேண்டும். பேஸ்பாலில் நல்ல அணிக்கும் சுமாரான அணிக்கும் உள்ள தூரம் மிகக் குறைவு. அமெரிக்கக் கூடைப்பந்தில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 2015-16 சீசனில் 82 ஆட்டங்களில் 73ஐ வென்றது. அது 89 சதவீதம். பேஸ்பாலில் 162 ஆட்ட சீசன் வந்த பிறகு எந்த அணியும் பெற்றதிலேயே அதிகமான வெற்றிகள் 116தான். 2001இல் சியாட்டில் மாரினர்ஸ் பெற்ற அந்த எண்ணிக்கை 72 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. வழக்கமான ஆண்டுகளில் முதலிட அணி 60 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். கீழே பார்த்தாலும் அப்படித்தான்: 2024இல் 121 ஆட்டங்களில் தோற்று நவீன காலத்தின் மோசமான சாதனையைப் படைத்த சிகாகோ ஒயிட் சாக்ஸ்கூட 41 ஆட்டங்களில் வென்றது.

உருண்டை மட்டை, உருண்டைப் பந்து, அரை அங்குல வித்தியாசம் என்ற கூட்டணியில் தற்செயலுக்கு நிறைய இடமுண்டு. பலமாக அடித்த பந்து நேராக ஒரு வீரரின் கையுறைக்குள் போகும். சரியாகப் படாத பந்து யாருமில்லாத இடத்தில் விழும். 2025 வேர்ல்ட் சீரிஸின் ஆறாவது ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில், டொராண்டோவின் அடிசன் பார்ஜர் அடித்த பந்து எல்லைச் சுவரின் அடியில் சொருகி நின்றுவிட்டது. நான்கு பேஸ்களையும் ஓடிச் சுற்றினால்தான் ஒரு ரன்; பந்து இப்படிச் சொருகினால் விதிப்படி இரண்டு பேஸ் மட்டுமே முன்னேறலாம். உறுதியாக வந்திருக்க வேண்டிய ரன் மூன்றாவது பேஸில் நின்றது; டொராண்டோ 3-1 என்று தோற்றது. பந்து சுவரில் பட்டுத் திரும்பியிருந்தால் ஏழாவது ஆட்டமே நடக்காமல் போயிருக்கலாம். எந்தக் கணிப்பு முறையும் இதைக் கணிக்காது. கணிக்க முயலவும் கூடாது. இப்படிப்பட்ட நிகழ்வுகள் எத்தனை முறை நேரும் என்பதை நிகழ்தகவில் சேர்த்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை.

இதன் விளைவு: பிளே-ஆஃபில் மோதும் இரண்டு அணிகளுக்கிடையே ஓர் ஆட்டத்துக்கான வாய்ப்பு பெரும்பாலும் 50க்கும் 60 சதவீதத்துக்கும் நடுவில்தான் இருக்கும்.

ஆட்டத்திலிருந்து தொடருக்கு

ஓர் அணிக்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் 55 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு தொடரில் அதன் வாய்ப்பு என்ன? பள்ளியில் படித்த நிகழ்தகவே போதும். நான்கு ஆட்டங்களில், ஐந்தில், ஆறில், ஏழில் என அது வெல்லக்கூடிய வழிகளைத் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டினால் விடை கிடைக்கும்:

- 3 ஆட்டத் தொடர்: 57 சதவீதம்
- 5 ஆட்டத் தொடர்: 59 சதவீதம்
- 7 ஆட்டத் தொடர்: 61 சதவீதம்

ஓர் ஆட்டத்தின் வாய்ப்பு 60 சதவீதமாக இருந்தால் இவை முறையே 65, 68, 71 ஆகும். மனக்கணக்குக்கு ஒரு சுருக்கு வழி உண்டு. 50க்கு மேல் இருக்கும் ஒவ்வொரு புள்ளியையும் மூன்று ஆட்டத் தொடருக்கு ஒன்றரையாலும், ஐந்து ஆட்டத் தொடருக்கு 1.9ஆலும், ஏழு ஆட்டத் தொடருக்கு 2.2ஆலும் பெருக்கி 50உடன் கூட்ட வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு 53 என்றால் ஏழு ஆட்டத் தொடருக்கு 56 அல்லது 57. எண் 60ஐத் தாண்டும்போது இந்தச் சுருக்கு வழி கொஞ்சம் மிகைப்படுத்தும்.

தொடரை நீட்டினால் சிறந்த அணி வென்றுவிடாதா? வெல்லும். ஆனால் எவ்வளவு நீட்ட வேண்டும் என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். 55 சதவீத அணி 80 சதவீத உறுதியுடன் தொடரை வெல்ல, ஏறக்குறைய 70 ஆட்டங்கள் கொண்ட தொடர் தேவை. 90 சதவீத உறுதிக்கு 160க்கும் மேல், அதாவது ஒரு முழு சீசன். சிறந்த அணி எது என்று அறிய 162 ஆட்டங்களை ஆடிவிட்டு, பிறகு கோப்பையை ஏழு ஆட்டங்களில் தீர்மானிப்பது வினோதமான ஏற்பாடுதான். ஆனால் அக்டோபருக்கு ரசிகர்கள் காத்திருப்பதே இந்த வினோதத்துக்காக என்பதால், அதை யாரும் மாற்றப்போவதில்லை.

இந்தக் கேள்வியை முறையாக ஆராய்ந்த முன்னோடி, ஹார்வர்டு பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் ஃபிரெடரிக் மோஸ்டெல்லர். 1946 வேர்ல்ட் சீரிஸில் பாஸ்டன் ரெட் சாக்ஸ், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸிடம் ஏழு ஆட்டங்களில் தோற்றது அவரைச் சிந்திக்க வைத்தது. 1952இல் வெளியிட்ட ஆய்வில், மேலான அணி ஓர் ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு சராசரியாக 65 சதவீதம் என்றும், ஆகவே ஏழு ஆட்டத் தொடரை வெல்லும் வாய்ப்பு சுமார் 80 சதவீதம் என்றும் மதிப்பிட்டார். இன்றைய பிளே-ஆஃபில் 65 சதவீத இடைவெளியைக் காண்பது அரிது.

அதற்கு மேல் சுற்றுகளும் அடுக்கடுக்காக வருகின்றன. முதல் சுற்றில் ஓய்வு பெற்ற ஓர் அணிக்கு, எதிரே யார் வந்தாலும் ஓர் ஆட்டத்துக்கு 60 சதவீத வாய்ப்பு என்று தாராளமாகவே கொடுத்துப் பார்ப்போம். மூன்று சுற்றுகளையும் கடந்து கோப்பையை வெல்லும் வாய்ப்பு 34 சதவீதம்தான். 55 சதவீதம் என்றால் 22. ஆகவே ‘கோப்பையை வெல்ல அதிக வாய்ப்புள்ள அணி’ என்று செய்தியில் படித்தால், அது தோற்கவே அதிக வாய்ப்பு என்றும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

116 வெற்றி பெற்ற மாரினர்ஸ் 2001இல் நியூயார்க் யாங்கீஸிடம் 4-1 என்று தோற்று வெளியேறியது. 2006இல் வெறும் 83 வெற்றிகளுடன் நுழைந்த கார்டினல்ஸ் கோப்பையை வென்றது. 2023இல் 100 வெற்றியைத் தொட்ட மூன்று அணிகள், அதாவது பிரேவ்ஸ், ஓரியோல்ஸ், டாட்ஜர்ஸ், டிவிஷன் தொடரிலேயே வீழ்ந்தன. மூன்றும் சேர்ந்து அக்டோபரில் வென்றது ஒரே ஓர் ஆட்டம். அந்த ஆண்டு வேர்ல்ட் சீரிஸ், 90 வெற்றி பெற்ற டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்கும் 84 வெற்றி பெற்ற அரிசோனா டைமண்ட்பேக்ஸுக்கும் இடையே நடந்தது.

ஓர் ஆட்டத்துக்கான எண் எங்கிருந்து வருகிறது?

பெருக்கல் எளிது. பெருக்க எடுத்துக்கொள்ளும் அந்த முதல் எண்ணில்தான் கணிப்பாளரின் திறமை இருக்கிறது. 2022இல் டாட்ஜர்ஸும் சான் டியாகோ பாட்ரேஸும் மோதிய டிவிஷன் தொடரை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம்.

1. வெற்றி-தோல்விப் பதிவு. டாட்ஜர்ஸ் 111 வெற்றி, 51 தோல்வி, விகிதம் 2.18. பாட்ரேஸ் 89 வெற்றி, 73 தோல்வி, விகிதம் 1.22. முதல் விகிதத்தை இரண்டாவதால் வகுத்தால் 1.79. அதாவது டாட்ஜர்ஸ் 1.79 முறை வென்றால் பாட்ரேஸ் ஒரு முறை வெல்லும், சதவீதத்தில் 64. பேஸ்பால் புள்ளிவிவரக் கலையின் முன்னோடியான பில் ஜேம்ஸ் பரப்பிய முறை இது.

2. ரன் கணக்கு. ஓர் அணி ஒரு ரன்னில் வென்றாலும் பத்து ரன்னில் வென்றாலும் பட்டியலில் ஒரே வெற்றிதான். ஆனால் எடுத்த ரன்னும் கொடுத்த ரன்னும் அணியின் பலத்தைக் கூடுதலாகக் காட்டும். எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன், கொடுத்த ரன் இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால், அந்த அணி பெற்றிருக்க வேண்டிய வெற்றி விகிதம் கிடைக்கும். இதுவும் பில் ஜேம்ஸ் கண்டதுதான். பிதாகரஸ் தேற்றத்தின் சாயல் இருப்பதால் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. டாட்ஜர்ஸ் அந்த ஆண்டு 847 ரன் எடுத்து 513 கொடுத்தது. பாட்ரேஸ் 705 எடுத்து 660 கொடுத்தது. இந்தக் கணக்கில் டாட்ஜர்ஸின் வாய்ப்பு ஓர் ஆட்டத்துக்கு 70 சதவீதமாக உயர்கிறது.

3. சராசரியை நோக்கி இழுத்தல். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 162 ஆட்டங்களுக்குப் பதிலாக 162 முறை நாணயத்தைச் சுண்டினால் சரியாக 81 தலை விழுவது அரிது. மூன்றில் இரண்டு முறை 75க்கும் 87க்கும் இடையே எங்கோ விழும். ஆகவே எந்த அணியின் பதிவிலும் ஆறு வெற்றி வரை அதிர்ஷ்டம் கலந்திருப்பது சர்வசாதாரணம். பட்டியலின் உச்சியில் இருக்கும் அணிக்கு அதிர்ஷ்டம் எதிராக இருந்திருப்பதைவிட ஆதரவாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இதைச் சரிசெய்ய ஆய்வாளர்களிடையே புழங்கும் எளிய வழி, ஒவ்வோர் அணியின் பதிவுடனும் 35 வெற்றி, 35 தோல்வியைச் சேர்த்துவிடுவது. அப்படிச் செய்தால் டாட்ஜர்ஸ் 146-86, பாட்ரேஸ் 124-108. மறுபடி விகிதம் போட்டால் டாட்ஜர்ஸின் வாய்ப்பு 60 சதவீதம்.

ஆக மூன்று முறைகள், மூன்று எண்கள்: 64, 70, 60. ஐந்து ஆட்டத் தொடருக்கு மாற்றினால் 75, 84, 68. எதை எடுத்துக்கொள்வது? மூன்றாவதைத்தான் நம்ப வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் கருத்து. ரன் கணக்கையும் அதேபோல் சராசரியை நோக்கி இழுத்தால் அது இன்னும் மேம்படும். பாட்ரேஸ் 3-1 என்று வென்றது. சீசனில் டாட்ஜர்ஸ் அவர்களை 19 ஆட்டங்களில் 14 முறை தோற்கடித்திருந்தது என்பதால் அதை அதிசயம் என்று எழுதினார்கள். 68 சதவீத அணி தோற்பது மூன்றில் ஒரு முறை நடக்கும் காரியம்.

4. இன்றைய அணி. மேலே சொன்ன மூன்றும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆடிய அணியைப் பற்றியவை. அக்டோபரில் களமிறங்குவது அதே அணி அல்ல. காயம்பட்டவர்கள் திரும்பியிருப்பார்கள், புதிதாகச் சிலர் காயம்பட்டிருப்பார்கள், ஜூலை இறுதியில் வீரர்களை மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஃபேன்கிராஃப்ஸ் போன்ற தளங்கள் அணியின் பதிவை விட்டுவிட்டு, ஒவ்வொரு வீரரின் எதிர்பார்ப்பையும் தனித்தனியாக மதிப்பிட்டுக் கூட்டுகின்றன. பிறகு கணினியில் அந்தத் தொடரை ஆயிரக்கணக்கான முறை ஆடவிட்டு, யார் எத்தனை முறை வென்றார் என்று எண்ணுகின்றன. 61 சதவீதம் என்பது அந்த எண்ணிக்கைதான்.

புரூவர்ஸ்-டாட்ஜர்ஸ் புதிரும் இங்கேதான் அவிழ்கிறது. அந்த ஆறு ஆட்டங்களும் ஜூலையில் நடந்தவை. அப்போது டாட்ஜர்ஸுக்காகப் பந்து எறியும் பிளேக் ஸ்னெல் காயத்தில் இருந்தார். அக்டோபரில் முதல் ஆட்டத்தில் எட்டு இன்னிங்ஸ் எறிந்து புரூவர்ஸை முடக்கியவர் அவரே. ஜூலையின் 6-0ஐ வைத்து அக்டோபரைக் கணித்தவர்கள் வேறோர் அணியைக் கணித்துக்கொண்டிருந்தார்கள்.

பிட்சர்: கணக்கை உண்மையில் மாற்றும் காரணி

பந்து எறிபவரான பிட்சருக்கு இந்த விளையாட்டில் இருக்கும் பிடி, கிரிக்கெட்டின் எந்தப் பந்துவீச்சாளருக்கும் இல்லை. டி20 ஆட்டத்தில் ஒருவர் வீசக்கூடியது 20இல் 4 ஓவர். பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் முடிந்தால் ஒன்பது இன்னிங்ஸும் அவரே எறியலாம். 2025இல் டாட்ஜர்ஸின் யோஷிநோபு யமமோட்டோ லீக் இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டத்திலும், வேர்ல்ட் சீரிஸின் இரண்டாவது ஆட்டத்திலும் அதைச் செய்தார்.

ஆனால் அப்படி எறிந்த தோளுக்கு ஓய்வு வேண்டும். வழக்கமான சீசனில் ஓய்வு நாட்கள் குறைவு என்பதால் ஐந்து பேரை வைத்துச் சுழற்றுவார்கள். எவ்வளவு பெரிய பிட்சரானாலும் 162இல் முப்பது, முப்பத்தைந்து ஆட்டங்களையே தொடங்க முடியும். பிளே-ஆஃபில் இடையிடையே பயண நாட்கள் வருவதால் மூன்று அல்லது நான்கு பேர் போதும். ஐந்தாவது ஆள் பின்வரிசைக்குப் போய்விடுவார்.

இதன் உச்சகட்ட உதாரணம் 2001 டைமண்ட்பேக்ஸ். ரேண்டி ஜான்சன், கர்ட் ஷில்லிங் என்ற இரண்டு அசுரர்கள் அந்த சீசனில் சேர்ந்து தொடங்கியது 69 ஆட்டங்கள். 162இல் 43 சதவீதம். யாங்கீஸுக்கு எதிரான வேர்ல்ட் சீரிஸில் ஷில்லிங் மூன்று, ஜான்சன் இரண்டு என ஏழில் ஐந்து ஆட்டங்களைத் தொடங்கினார்கள்; 71 சதவீதம். ஆறாவது ஆட்டத்தைத் தொடங்கி வென்ற ஜான்சன், மறுநாள் ஏழாவது ஆட்டத்தின் இறுதியிலும் வந்து எறிந்து வென்றார். அந்த அணியின் சீசன் பதிவான 92-70ஐ மட்டும் பார்த்துக் கணித்தவர், களத்தில் இல்லாத பிட்சர்களையும் சேர்த்துக் கணக்கிட்டவர் ஆகிறார்.

எண்ணாக இது எவ்வளவு? சீசன் பதிவின்படி ஓர் அணிக்கு ஆட்டத்துக்கு 52 சதவீதம் என்று வைப்போம். தொடருக்கு 54. அதன் தலைசிறந்த இருவர் எறியும் நான்கு ஆட்டங்களில் 60, மற்ற மூன்றில் 48 என்று பிரித்தால் சராசரி 55க்கு அருகில் வருகிறது, தொடருக்கு 61. யார் எத்தனை முறை எறிவார் என்ற ஒரே கேள்வி ஆறேழு புள்ளிகளை நகர்த்திவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: முதல் ஆட்டத்தில் எறிகிறாரா, மூன்றாவதிலா என்பது தன்னளவில் கணக்கை மாற்றாது. மொத்தம் எத்தனை ஆட்டங்களில் எறிய முடியும் என்பதே மாற்றும். தலைசிறந்தவரை முதலிலேயே இறக்குவது மறுமுறையும் அவருக்கு வாய்ப்பு வரட்டும் என்பதற்காகத்தான்.

அடுத்த அடுக்கு, தொடங்கியவர் களைத்த பிறகு வருபவர்கள். அடிப்பவர்கள் ஒரே பிட்சரை மூன்றாவது முறை சந்திக்கும்போது முதல் முறையைவிட நன்றாக அடிக்கிறார்கள் என்பது நன்கு நிறுவப்பட்ட போக்கு. ஆகவே நன்றாக எறிந்துகொண்டிருப்பவரையும் வெளியே அழைப்பார்கள். 2020 வேர்ல்ட் சீரிஸின் ஆறாவது ஆட்டத்தில் டாம்பா பே ரேஸ் 1-0 என்று முன்னிலையில் இருந்தபோது, 73 பந்துகளே எறிந்து அசத்திக்கொண்டிருந்த, அன்று அந்த அணியில் இருந்த பிளேக் ஸ்னெல்லை மேலாளர் கெவின் கேஷ் வெளியே அழைத்தார். ஆட்டமும் கோப்பையும் டாட்ஜர்ஸிடம் போயின. அந்த முடிவு சரியா என்று இன்றும் சண்டை ஓயவில்லை. முடிவு தவறு என்பதற்கு விளைவு மட்டும் சான்றாகாது. கணக்கு அவர் பக்கம் இருந்தது என்பதால் அது சரி என்றும் ஆகாது, ஏனென்றால் அவருக்குப் பதிலாக இறங்கிய, சோர்ந்திருந்த மாற்று பிட்சரின் நிலையும் கணக்கில் சேர்ந்ததுதான்.

சொந்த மைதானம்

நினைப்பதைவிடச் சிறிய காரணி இது. மேஜர் லீக்கில் சொந்த மைதானத்தில் ஆடும் அணி சுமார் 54 சதவீத ஆட்டங்களை வெல்கிறது. ஏழு ஆட்டத் தொடரில் மேல்நிலை அணிக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஒரே ஓர் ஆட்டம், அதுவும் தொடர் ஏழு வரை போனால் மட்டும். சம பலம் கொண்ட அணிகளுக்கு அது நடக்க 31 சதவீத வாய்ப்பு. பெருக்கிப் பார்த்தால் சொந்த மைதானச் சலுகையின் மதிப்பு தொடருக்கு ஒன்றேகால் சதவீதப் புள்ளி. 2019 வேர்ல்ட் சீரிஸில் வாஷிங்டன் நேஷனல்ஸுக்கும் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கும் இடையே ஏழு ஆட்டங்களையும் வெளியூரிலிருந்து வந்த அணியே வென்றது. மூன்று ஆட்டங்களும் ஒரே இடத்தில் நடக்கும் வைல்டு கார்டு தொடரில் மட்டும் சலுகை 56 சதவீதம் வரை போகும்.

கேட்க நன்றாக இருக்கும் மூன்று கதைகள்

1. ‘கடைசி மாதம் சூடாக ஆடிய அணி’. 2000இல் நியூயார்க் யாங்கீஸ் கடைசி 18 ஆட்டங்களில் 15ஐத் தோற்றுவிட்டு பிளே-ஆஃபுக்கு வந்து கோப்பையை வென்றது. செப்டம்பரின் இருபது சொச்சம் ஆட்டங்களைவிட முழு சீசனின் 162 ஆட்டங்கள் அதிகம் சொல்லும்.

2. ‘நேருக்கு நேர் மோதிய பதிவு’. 6-0ம் 14-5ம் என்ன ஆயின என்று மேலேயே பார்த்தோம்.

3. ‘ஓய்வு எடுத்த அணி துருப்பிடித்துவிடும்’. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு கதை எப்படிப் பிறக்கிறது என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. புதிய அமைப்பு வந்த 2022இல் ஓய்வு பெற்ற நான்கு அணிகளில் டாட்ஜர்ஸும் பிரேவ்ஸும் உடனே தோற்றன. 2023இல் நான்கில் மூன்று தோற்றன. எட்டில் மூன்றே வெற்றி. ஐந்து நாள் சும்மா இருந்தால் அடிப்பவர்களின் கண்பழக்கம் போய்விடுகிறது, அமைப்பையே மாற்ற வேண்டும் என்று குரல்கள் எழுந்தன. 2024இல் நான்கில் மூன்று வென்றன; 2025இலும் நான்கில் மூன்று. மொத்தம் 16இல் 9, அதாவது 56 சதவீதம். ஓர் ஆட்டத்துக்கு 53, 54 சதவீத வாய்ப்புள்ள அணிகள் ஐந்து ஆட்டத் தொடர்களில் எவ்வளவு வெல்ல வேண்டுமோ, ஏறக்குறைய அதே அளவு. துருவும் இல்லை, மாயமும் இல்லை. எட்டுத் தொடர்களை வைத்து ஒரு கோட்பாடு கட்டியதுதான் கோளாறு.

தொடர் நடக்கும்போது எண் எப்படி நகர்கிறது?

சம பலமுள்ள இரண்டு அணிகள் ஏழு ஆட்டத் தொடரில் மோதுகின்றன என்று வைத்துக்கொண்டால்:

- 1-0 முன்னிலை: 66 சதவீதம்
- 2-0 முன்னிலை: 81 சதவீதம்
- 3-1 முன்னிலை: 87.5 சதவீதம்
- 3-0 முன்னிலை: 94 சதவீதம்

முதல் ஆட்டத்தை வென்ற அணி தொடரை வெல்வது மூன்றில் இரண்டு முறை என்று ஒளிபரப்பில் சொல்லும்போது அது ஏதோ மனோதத்துவ உண்மைபோல ஒலிக்கும். எண்கணிதமே அந்த அளவுக்குக் கொடுத்துவிடுகிறது. 0-3 என்று பின்தங்கி மீண்ட அணி மேஜர் லீக் வரலாற்றில் ஒன்றே ஒன்று: 2004இல் யாங்கீஸை வீழ்த்திய பாஸ்டன் ரெட் சாக்ஸ். 2020இல் ஆஸ்ட்ரோஸ் 0-3இலிருந்து ஏழாவது ஆட்டம் வரை இழுத்து வந்து, அங்கே தோற்றது.

ஆட்டத்துக்குள் இந்த எண் இன்னும் வேகமாக ஆடும். 2025 வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் தோல்விக்கு இரண்டு அவுட் தூரத்தில் இருந்தபோது, பலமாக அடிப்பவர் என்று யாரும் நினைத்திராத மிகேல் ரோஹாஸ் ஹோம் ரன் (பந்தை எல்லைச் சுவருக்கு அப்பால் அனுப்பும் அடி) அடித்துச் சமன் செய்தார். அதே இன்னிங்ஸின் மறுபாதியில் டொராண்டோ மூன்று பேஸ்களிலும் ஆளை நிறுத்தியும் ரன் வரவில்லை. முந்தைய நாள் 96 பந்துகள் எறிந்திருந்த யமமோட்டோ மறுபடி வந்து எறிந்து முடித்தார். 2001இல் ஜான்சனுக்குப் பிறகு ஒரே வேர்ல்ட் சீரிஸில் மூன்று வெற்றி பெற்ற பிட்சர் அவர்தான். மொத்த ரன் கணக்கில் பின்தங்கிய அணி கோப்பையை வெல்வதும் புதிதல்ல: 1960இல் யாங்கீஸ் 55 ரன் எடுத்தும் 27 ரன்னே எடுத்த பிட்ஸ்பர்க் பைரேட்ஸிடம் 4-3 என்று தோற்றது.

கணிப்பாளருக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

60 சதவீதம் என்று சொன்ன அணி தோற்றால் கணிப்பு பொய்த்தது என்று ஆகாது. 60 சதவீதம் என்று அவர் சொன்ன நூறு தொடர்களைத் திரட்டி, அவற்றில் சுமார் அறுபதை அந்த அணிகள் வென்றனவா என்று பார்க்க வேண்டும். நாற்பத்தைந்து என்றால் அவர் மிகையாகச் சொல்கிறார். எண்பது என்றால் தேவையில்லாமல் தயங்குகிறார்.

ஒரே எண்ணாக மதிப்பிட, அமெரிக்க வானிலை அலுவலகத்தின் கிளென் பிரையர் 1950இல் கொடுத்த முறை உதவும். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. அதற்கும் சொன்ன நிகழ்தகவுக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்த வேண்டும். குறைந்த மதிப்பெண்ணே நல்லது. 60 சதவீதம் என்று சொல்லித் தோற்றால் 0.36, வென்றால் 0.16. 90 சதவீதம் என்று அடித்துச் சொல்லித் தோற்றால் 0.81. எதற்கும் 50 சதவீதம் என்றே சொல்லிக்கொண்டிருப்பவருக்கு எப்போதும் 0.25. ‘நான்கு ஆட்டங்களில் முடித்துவிடுவார்கள்’ என்று நெஞ்சைத் தட்டிச் சொல்பவரை இந்த முறை கடுமையாகத் தண்டிக்கும்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. எல்லாத் தொடர்களிலும் ஒரு பக்கத்துக்கு 60 சதவீதம் என்று மிகச் சரியாகவே கணிக்கும் ஒருவரின் சராசரி மதிப்பெண் 0.24. நாணயம் சுண்டுபவருடையது 0.25. இந்த நூலிழை வித்தியாசம் தற்செயல் அல்ல என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல ஏறக்குறைய 380 தொடர்கள் வேண்டும். பிளே-ஆஃபில் ஆண்டுக்கு நடப்பவை 11 தொடர்களே. அதாவது சுமார் 35 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். எனவே ஒருவருடைய அக்டோபர் கணிப்புகளை எடைபோட அவருடைய பழைய அக்டோபர்களைத் தோண்டுவதில் பயனில்லை. வழக்கமான சீசனில் ஆண்டுதோறும் 2,430 ஆட்டங்கள் நடக்கின்றன. அவற்றுக்கு அவர் நாள்தோறும் என்ன எண் கொடுத்தார் என்ற பதிவு இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.